பாலையின் வெற்றுத் தரையும் அதை மூட வந்த புல்லும்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், மெக்சிகோ எல்லைக்குச் சுமார் நூறு கிலோமீட்டர் வடக்கே டூசான் நகரம் இருக்கிறது. அதைச் சூழ்ந்திருப்பது சோனோரன் பாலைவனம். மணல்மேடுகளை எதிர்பார்த்துப் போகிறவர் அங்கே காண்பது வேறொன்று. குன்றுச் சரிவெங்கும் ஆள் உயரத்தைப் போல ஐந்தாறு மடங்கு உயர்ந்து நிற்கும் சகுவாரோ கள்ளிகள், பச்சைப் பட்டை கொண்ட பாலோ வெர்டே மரங்கள், மெஸ்கீட் மரங்கள், சப்பாத்திக் கள்ளிகள், முட்புதர்கள். ஆண்டுக்கு ஏறத்தாழ 290 மில்லிமீட்டர் மழைதான். சென்னையில் நவம்பர் மாதம் ஒன்றில் மட்டுமே சராசரியாக இதைவிடக் கூடுதலாகப் பெய்துவிடும். அந்தச் சிறு மழையும் கோடையில் ஒரு பங்கு, குளிர்காலத்தில் ஒரு பங்கு என்று இரண்டு பருவங்களாகப் பிரிந்து வருகிறது. இரண்டு பருவ மழை கிடைப்பதால்தான் உலகின் பாலைகளில் மிகச் செழிப்பானவற்றுள் ஒன்றாக அது இருக்கிறது.

இந்த நிலத்தைப் புரிந்துகொள்ளச் செடிகளைப் பார்த்தால் மட்டும் போதாது. செடிகளுக்கு நடுவே உள்ள தரையையும் பார்க்க வேண்டும். ஒரு புதருக்கும் அடுத்த புதருக்கும் இடையே ஓரிரு மீட்டர், சில இடங்களில் அதற்கும் மேல், சரளைக்கல்லும் மண்ணும் மட்டுமே இருக்கும். மேலே வெறுமையாகத் தெரியும் அந்த இடத்துக்கு அடியில் வேர்கள் பரந்திருக்கின்றன. சகுவாரோவின் வேர்கள் ஆழமாக இறங்குவதில்லை. தரைக்குச் சற்றுக் கீழேயே, தன் உயரம் எவ்வளவோ கிட்டத்தட்ட அவ்வளவு தூரத்துக்குச் சுற்றிலும் ஓடி, பெய்கிற மழையை உடனே உறிஞ்சிக்கொள்கின்றன. மேலே உள்ள இடைவெளிக்கு இன்னொரு வேலையும் உண்டு. மின்னல் விழுந்து ஒரு புதர் பற்றினால் தீ அடுத்த புதருக்குத் தாவ வழியில்லாமல் அங்கேயே அவிந்துவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகப் பெருந்தீயைப் பெரும்பாலும் அறியாமலே இந்தப் பாலை வளர்ந்ததற்குக் காரணம் இந்த வெற்றுத் தரை.

நகரத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்களின் கண்ணுக்கு அந்த வெறுமை குறையாகப் பட்டது. அதை மூட ஒரு செடியைத் தேடினார்கள். தேடிக் கிடைத்த செடிகளில் ஒன்று இன்று தோட்டத்தைத் தாண்டி, ஓடைகளில் இறங்கி, மலைச்சரிவில் ஏறிவிட்டது. தரையை மூடும் அலங்காரச் செடி ஒரு பாலைவன நகரில் என்ன செய்துவிடும் என்ற கேள்வியை டூசானை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் வேலை. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இங்கே வெற்றுத் தரை இந்தச் சூழலமைப்பின் ஓர் உறுப்பு. அதை நிரந்தரமாக மூடும் எந்த அந்நியச் செடியும், எத்தனை அழகாக இருந்தாலும், எத்தனை குறைவாகத் தண்ணீர் குடித்தாலும், அங்கே விற்கப்படக் கூடாது.

தண்ணீர்க் கதையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் டூசானுக்கும் ஃபீனிக்ஸுக்கும் குடிவந்தவர்களில் பெரும்பாலோர் ஈரமான மாநிலங்களிலிருந்து வந்தவர்கள். கூடவே புல்தரை ஆசையையும் கொண்டுவந்தார்கள். நம் அருகம்புல்லின் இனமான பெர்முடா புல்லைப் பாலையில் விரித்து, நிலத்தடி நீரை இறைத்து ஊற்றினார்கள். டூசான் பல பத்தாண்டுகள் முழுக்க முழுக்க நிலத்தடி நீரை நம்பியிருந்த நகரம். நீர்மட்டம் இறங்க இறங்கக் கவலை வளர்ந்தது. 1977-இல் கோடைக்காலத் தண்ணீர்ச் செலவைக் குறைக்க நகரம் ஒரு பெரிய பிரசாரத்தைத் தொடங்கியது. 1980-இல் அரிசோனா நிலத்தடி நீர் மேலாண்மைச் சட்டத்தை இயற்றியது. 1991-இல் புதிய கட்டடங்களைச் சுற்றி வறட்சி தாங்கும் செடிகளையே நட வேண்டும் என்று டூசான் நகரச் சட்டம் வந்தது. குறைந்த நீரில் தோட்டம் அமைக்கும் இம்முறைக்கு ஸெரிஸ்கேப் என்று பெயர். 1981-இல் டென்வர் நகர நீர் வழங்கல் துறை உருவாக்கிய சொல் அது.

இது நல்ல திருப்பம். டூசான் மக்கள் புல்தரையைக் கைவிட்டுச் சரளைக்கல் முற்றத்துக்கு மாறியது அமெரிக்க மேற்கில் பலரும் எடுத்துக்காட்டும் ஒரு சாதனை. ஆனால் ஸெரிஸ்கேப் கேட்ட கேள்வி ஒன்றுதான்: இந்தச் செடி எவ்வளவு தண்ணீர் கேட்கும்? செடி எங்கிருந்து வந்தது, விதை எவ்வளவு தூரம் பறக்கும், காய்ந்தால் எப்படி எரியும் என்ற கேள்விகள் நீண்ட காலம் கேட்கப்படவில்லை. தண்ணீர் இல்லாமல் தழைக்கும் செடி தோட்டக்காரருக்கு வரம். தண்ணீர் ஊற்றாமலே வேலிக்கு வெளியேயும் தழைக்கும் என்பதும் அதே குணம்தான்.

அப்படி வந்ததுதான் ஃபவுன்டன் புல். தாவரவியலில் சென்கிரஸ் செட்டேசியஸ். பழைய நூல்களில் பென்னிசெட்டம் செட்டேசியம் என்றிருக்கும். வட ஆப்பிரிக்காவும் அரேபியாவும் அதன் தாயகம். அரிசோனாவுக்கு அலங்காரச் செடியாக 1940 வாக்கில் வந்தது. ஒரு மீட்டருக்கு மேல் வளரும் தூர்; மெல்லிய தாள்கள் நாலாபுறமும் வளைந்து விழும்; அவற்றின் மேல் ஒரு சாண் நீளத்துக்கு இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த கதிர்கள். மாலை வெயில் படும்போது அந்தக் கதிர்கள் ஒளிர்வதைப் பார்த்தவர்கள் அதை ஏன் வாங்கினார்கள் என்று கேட்க மாட்டார்கள். வீட்டு முற்றம், ஹோட்டல் வாசல், சாலை நடுத்திட்டு, மண் அரிக்கும் சரிவு என்று எங்கெல்லாம் தரை வெறுமையாக இருந்ததோ அங்கெல்லாம் வரிசை வரிசையாக நடப்பட்டது. பராமரிப்பு வேண்டாம், பூச்சி வராது, மானும் முயலும் தின்னாது.

இந்தப் புல்லின் வெற்றிக்குப் பின்னால் இருக்கும் உயிரியல் வியப்பானது. இது மகரந்தக் கலப்பால் வரும் மரபணுச் சேர்க்கை இல்லாமலே விதை வைக்கிறது. மூன்று தொகுதிக் குரோமோசோம்கள் கொண்டது. விதையிலிருந்து வரும் ஒவ்வொரு செடியும் தாய்ச்செடியின் நகல். 2005-இல் வெளியான ஓர் ஆய்வு அரிசோனா, கலிபோர்னியா, ஹவாய் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் செடிகளை எடுத்து மரபணுக்களை ஒப்பிட்டது. வேறுபாடே கிடைக்கவில்லை. எரிமலைக் குழம்பு உறைந்த ஹவாய்த் தீவின் சரிவிலும் சோனோரன் பாலையின் ஓடையிலும் நிற்பது ஒரே செடியின் பிரதிகள். புதிய இடத்துக்கு ஏற்பத் தலைமுறை தலைமுறையாக மாறித் தகவமைவது என்ற பாடம் இங்கே தேவைப்படவே இல்லை. ஒரே மரபமைப்பு, இடத்துக்குத் தக்கபடி உடலை மட்டும் வளைத்துக்கொண்டு எங்கும் வாழ்கிறது. ஒரு செடி போதும், குடியேற்றம் தொடங்கிவிடும். துணை தேவையில்லை, மகரந்தம் சுமக்கும் பூச்சி தேவையில்லை. ஒரே ஒரு வீட்டு வாசலில் நின்றாலும் ஆபத்துதான் என்று வல்லுநர்கள் சொல்வது இதனால்தான்.

விதையைச் சுற்றி மென்மையான மயிர்கள் இருக்கும். காற்று தூக்கிச் செல்லும். கோடை மழையில் திடீரென்று பெருகும் ஓடை நீர் அடித்துச் செல்லும். வண்டிச் சக்கரமும் உடையும் விலங்கின் உரோமமும் சுமந்து செல்லும். மண்ணில் ஏழு ஆண்டுகள் வரை முளைப்புத் திறன் கெடாமல் கிடக்கும். டூசானில் தெருக்களில் விழும் மழைநீர் ஓடைகளில்தான் சேர்கிறது. மலையடிவாரக் குடியிருப்புகள் ஓடைக்கரையில்தான் இருக்கின்றன. ஆகவே தோட்டத்துப் புல் வறண்ட ஓடைப் படுகையில் முதலில் குடியேறியது. அங்கிருந்து பாறைச் சரிவுகளுக்கு ஏறியது. இன்று சகுவாரோ தேசியப் பூங்காவுக்குள்ளும் அதைப் பிடுங்க வேண்டியிருக்கிறது.

டூசான்காரர்களிடம் புல்லைப் பற்றிப் பேசினால் இதைவிட அதிகமாக இன்னொரு பெயரைத்தான் கேட்க நேரும்: பஃபல் புல். சென்கிரஸ் சிலியாரிஸ். ஃபவுன்டன் புல்லின் நெருங்கிய உறவு, அதே பேரினம். அது அலங்காரத்துக்காக வரவில்லை. 1930-களின் வறட்சிக்குப் பிறகு மண் அரிப்பைத் தடுக்கவும் மேய்ச்சலுக்கும் ஏற்ற புல்லைத் தேடிய அமெரிக்க அரசின் மண் பாதுகாப்புத் துறை பல நாடுகளிலிருந்து விதைகளைத் தருவித்துச் சோதித்தது. கென்யாவின் துர்கானா பகுதியிலிருந்து வந்த ஒரு ரகம் 1946-இல் டெக்சாஸில் வெளியிடப்பட்டுப் பரவலாயிற்று. அரிசோனாவில் சோதனைத் திடல்களோடு நின்றிருந்த புல் 1980-களில் திடீரென்று மலைச்சரிவுகளில் விரியத் தொடங்கியது. ஒன்றை அரசு விதைத்தது, மற்றதை வீட்டுக்காரர்கள் நட்டார்கள். நோக்கம் இரண்டுக்கும் ஒன்றே: தரையை மூடுவது. விளைவும் ஒன்றாகிவிட்டது. ஒன்றை மட்டும் பேசி மற்றதை விட்டால் படம் முழுமையாகாது.

பஃபல் புல் தமிழ் வாசகருக்கு அந்நியமும் அல்ல. காங்கயம், தாராபுரம், மூலனூர் வட்டாரங்களின் கொரங்காடுகளில் ஆடும் மாடும் மேயும் கொழுக்கட்டைப்புல் இதே இனம்தான். கிளுவை வேலி, உள்ளே வெள்வேல மரங்கள், கீழே கொழுக்கட்டைப்புல்: காங்கயம் மாடு பிழைத்திருப்பதற்கு இந்த மூன்றும் சேர்ந்த மேய்ச்சல் நிலமே அடிப்படை. ராஜஸ்தானிலும் இதை மேலான தீவனமாகப் போற்றுகிறார்கள். ஜோத்பூரிலுள்ள மத்திய வறண்ட மண்டல ஆராய்ச்சி நிறுவனம் இதை நெடுங்காலமாக ஆராய்ந்து பரப்பி வருகிறது. நம் கொரங்காட்டில் புல் வளர வளர வாய்கள் வந்து தின்றுவிடுகின்றன. காடுகளை மாற்றி மாற்றி மேய்ப்பதும் அங்கே மரபு. டூசானின் செங்குத்தான பாறைச் சரிவில் அதை மேய்க்க மந்தை ஏறாது. ஆண்டுதோறும் தாள் காய்ந்து காய்ந்து தூரிலேயே சேர்கிறது. எதிர்த்திசையிலும் ஒரு பயணம் நடந்திருக்கிறது. டூசான் பாலையில் மெஸ்கீட் மரம் தாய்மரம். அதன் நிழலில்தான் பல செடிகளின் கன்றுகள் பிழைக்கின்றன. அதன் காய்களை அரைத்த மாவு அங்குள்ள பழங்குடியினரின் பாரம்பரிய உணவு. அதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு மரம் அமெரிக்கக் கண்டத்திலிருந்து தமிழகத்துக்கு வந்து சீமைக்கருவேலமாக நம் கண்மாய்களை அடைத்திருக்கிறது. ஒரு செடியை நல்லது, கெட்டது என்று முத்திரை குத்துவதில் பொருளில்லை. எந்த மண்ணில், எந்த உறவுகளுக்கு நடுவே நிற்கிறது என்பதைக் கொண்டே அதை மதிப்பிட முடியும்.

இனி இக்கேள்வியின் மையத்துக்கு வரலாம். அது தீ.

அந்நியப் புற்களுக்கும் தீக்கும் உள்ள உறவை 1992-இல் கார்லா டி'அன்டோனியோ, பீட்டர் விட்டோசெக் என்னும் இரு சூழலியலாளர்கள் ஒரு கட்டுரையில் தொகுத்து விளக்கினார்கள். புல் இடைவெளியை நிரப்புகிறது, காய்கிறது, தீ பரவ வழி கிடைக்கிறது, தீ வந்தால் உள்ளூர் மரமும் கள்ளியும் சாகின்றன, புல்லோ தூரிலிருந்து சில வாரங்களில் மீண்டும் துளிர்க்கிறது, முன்பைவிட அதிக இடம் அதற்குக் கிடைக்கிறது, அடுத்த தீ இன்னும் எளிதாக வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் பாலை சற்றுக் குறைந்து புல்வெளி சற்றுக் கூடுகிறது. ஆப்பிரிக்கச் சவானாவில் தீயோடு சேர்ந்தே பரிணமித்த புற்களுக்கு இது வாழ்க்கை முறை. சோனோரன் பாலையின் உயிர்களுக்கு இது புதிது. பஃபல் புல் எரியும் இடத்தில் 700 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெப்பம் பதிவாகியிருக்கிறது.

சகுவாரோவின் வாழ்க்கைக் கணக்கைப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். கோடை மழையில் முளைக்கும் விதை ஒரு பாலோ வெர்டே அல்லது மெஸ்கீட் நிழலில் விழுந்தால்தான் பிழைக்கும். பத்து வயதில் அது விரல் உயரம்கூட இருக்காது. முதல் பூ பூக்க முப்பத்தைந்து ஆண்டுகளாவது ஆகும். பக்கக் கிளை விட ஐம்பதிலிருந்து எழுபத்தைந்து ஆண்டுகள், சில இடங்களில் நூறும் ஆகும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வாழும். மரங்கொத்தி அதில் பொந்து குடைகிறது. குட்டி ஆந்தை அந்தப் பொந்தில் குடியேறுகிறது. வௌவாலும் வெண்சிறகுப் புறாவும் தேனுக்கு வருகின்றன. டொஹோனோ ஓதம் மக்கள் ஜூன் மாதத்தில் அதன் பழங்களை நீண்ட கழிகளால் பறிக்கிறார்கள். அந்தப் பழச்சாற்றைப் புளிக்கவைத்து மதுவாக்கி மழையை வரவேற்பது அவர்களுடைய புத்தாண்டுச் சடங்கு. அந்தக் கள்ளிக்குத் தீயைத் தாங்கும் தடித்த பட்டை கிடையாது. தீயில் வெந்த சகுவாரோ உடனே விழாமல் சில ஆண்டுகள் பச்சையாகவே நின்று, பிறகு சாகும். தீ அணைந்த மறுநாள் எடுக்கும் சேதக் கணக்கு எப்போதும் குறைவாகவே வருவதற்கு இதுவும் காரணம்.

இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. 1990-களுக்குப் பிறகு நீண்ட வறட்சியால் புதிய சகுவாரோக் கன்றுகள் மிகக் குறைவாகவே பிழைத்திருக்கின்றன என்பதை டூசானைச் சுற்றி நடந்த கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. கிழவர்கள் எரிந்தால் இடத்தை நிரப்ப இளையவர்கள் இல்லை.

பெருந்தீக்கள் வரத் தொடங்கிவிட்டன. 2005-இல் ஃபீனிக்ஸுக்கு வடக்கே கேவ் கிரீக் தீ ஏறத்தாழ ஒரு லட்சம் ஹெக்டேரை எரித்தது. 2020 ஜூனில் ஃபீனிக்ஸுக்கு வடகிழக்கே ஒரு காரில் பற்றிய நெருப்பு புஷ் தீயாகி 78,000 ஹெக்டேர் வரை பரவியது. சகுவாரோக்கள் பெருந்தொகையில் மடிந்தன. இந்த இரண்டிலும் முக்கிய எரிபொருள் ஓராண்டு வாழும் வேறு அந்நியப் புற்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியையும் ஒரே புல் மீது போடுவது ஆய்வுக்கு அழகல்ல. ஆனால் ஓராண்டுப் புல் நல்ல மழைக்குப் பிந்தைய ஆண்டில்தான் ஆபத்து. ஃபவுன்டன் புல்லும் பஃபல் புல்லும் பல்லாண்டுத் தூர்கள். அவற்றில் எரிபொருள் எல்லா ஆண்டும் தயாராக இருக்கிறது. அதே 2020 ஜூனில் மின்னலால் தொடங்கிய பிக்ஹார்ன் தீ, டூசானை ஒட்டிய சாண்டா கேட்டலினா மலையில் 48,000 ஹெக்டேர் வரை எரித்தது. அப்போது அடிவாரத்துப் புல் திட்டுகள் தீயை வீடுகள் வரை இழுத்துவருமோ என்று நகரமே அஞ்சியது. நகரின் நடுவே சென்டினல் பீக் என்னும் குன்று இருக்கிறது. ஜூலை 4 சுதந்திர தின வாணவேடிக்கையில் விழும் பொறியால் அந்தக் குன்றின் புல் பற்றுவது டூசான்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் நிகழ்வாகவே ஆகிவிட்டது.

சென்டினல் பீக்கின் பக்கத்துக் குன்று டூமமாக். 1903-இல் கார்னகி நிறுவனம் அங்கே பாலைவன ஆய்வகத்தை நிறுவியது. சில ஆண்டுகளில் வேலியிட்டு மேய்ச்சலை நிறுத்தினார்கள். ஃபாரஸ்ட் ஷ்ரீவ் போன்ற தாவரவியலர்கள் வேலை செய்த இடம். நூறாண்டுக்கு மேலாக ஒரே திடல்களில் ஒவ்வொரு செடியையும் திரும்பத் திரும்ப எண்ணிவரும் இடம் உலகில் வேறெங்கும் அரிது. அங்கே அந்நியச் செடிகள் எங்கெங்கே நிற்கின்றன என்று 1983-இல் வரைபடம் எடுத்தார்கள். 2005-இல் மீண்டும் எடுத்தார்கள். அந்த இருபத்திரண்டு ஆண்டுகளில் பஃபல் புல் பெருமளவு விரிந்திருந்தது. மேய்ச்சல் இல்லை, உழவு இல்லை. காக்கப்பட்ட நிலத்திலேயே இந்தப் பரவல். நிலம் கெட்டிருந்தால்தான் களை நுழையும் என்று சொல்வோருக்கு டூமமாக் தரும் சான்று கடினமானது.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது; அது வலுவானது. பாலைவன நகரில் தரையை மூடாமல் விட்டால் புழுதி பறக்கும். தென் அரிசோனாவின் புழுதி வெறும் தொல்லை மட்டுமல்ல. காக்சிடியாய்டிஸ் என்னும் மண் பூஞ்சையின் வித்துகள் அதில் கலந்திருக்கின்றன. அவை நுரையீரலுக்குள் போனால் பள்ளத்தாக்குக் காய்ச்சல் வரும். அமெரிக்காவில் பதிவாகும் அந்நோயாளிகளில் பெரும் பங்கினர் அரிசோனாக்காரர்கள். வெப்பமும் இருக்கிறது. 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாட்கள் வெப்பம் 43 டிகிரி செல்சியஸைத் தொட்டது அல்லது தாண்டியது. ஃபீனிக்ஸ் அமைந்துள்ள மாரிகோபா மாவட்டத்தில் அந்த ஆண்டு வெப்பத்தால் இறந்தவர்கள் 645 பேர். வெறும் கல் பரப்பிய முற்றம் இரவிலும் அனலை வெளியிடும். பச்சை வேண்டும், நிழல் வேண்டும், மண் அடங்க வேண்டும் என்று கேட்பவரை ஆடம்பரக்காரர் என்று ஒதுக்க முடியாது.

இந்த வாதத்துக்கு விடை பாலையிடமே இருக்கிறது. தொடப்படாத சோனோரன் தரையில் புழுதி அவ்வளவாகப் பறப்பதில்லை. மண்ணின் மேல்தோலில் நீலப்பச்சைப் பாசிகளும் பாசிச் செடிகளும் லைக்கன்களும் பூஞ்சை இழைகளும் சேர்ந்து ஒரு மெல்லிய உயிர்ப்படலம் நெய்திருக்கின்றன. வேறு இடங்களில் நூற்றாண்டுகளாகக் காற்றில் அடிபட்ட கூழாங்கற்கள் பாவிய தளமாகப் படிந்திருக்கின்றன. நாம் வெறுமை என்று பார்த்த இடம் ஏற்கெனவே மூடப்பட்ட இடம். புல்டோசர் சக்கரமும் கைவிட்ட வயலும் அந்தப் படலத்தைக் கிழித்த இடங்களில்தான் புழுதி எழுகிறது. அப்படிக் கிழிந்துவிட்ட நகர்நிலத்துக்கு என்ன செய்வது? வெப்பத்தைத் தணிப்பது நிழல். நிழலை மரம் தரும், இடுப்பளவுப் புல் தராது. பாலோ வெர்டேயும் மெஸ்கீட்டும் அந்த மண்ணின் மரங்கள். மழைநீரைத் தெருவிலிருந்து மரக்குழிக்குத் திருப்பும் முறையை டூசானில் பல குடியிருப்புகள் கடைப்பிடிக்கின்றன. தரைக்கு மஞ்சள் பூக்கும் பிரிட்டில்புஷ், பாலைச் சாமந்தி, பாலை ஸின்னியா போன்ற உள்ளூர்ச் செடிகள் இருக்கின்றன. கதிரும் அசைவும்தான் வேண்டுமென்றால் மான்புல் எனப்படும் மூலன்பெர்ஜியா வகைகள் அதே ஒளியைத் தரும். இவை இடைவெளி விட்டு வளர்பவை. நகரத் தோட்டத்தில் அந்த இடைவெளியைப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதே பெரிய வேலை என்று நினைக்கிறேன்.

புழுதிக்குப் புல் என்ற தீர்வை வேறொரு பாலைவன நகரம் முழு மனதோடு முயன்று பார்த்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுவிலுள்ள ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரத்தில் புழுதி தாங்காமல் விமான நிலையத்தைச் சுற்றியும் ஊரைச் சுற்றியும் பஃபல் புல்லை விதைத்தார்கள். ஒட்டகம் ஓட்டிவந்த ஆப்கானியர்களின் சேண மெத்தைகளில் அடைக்கப்பட்டிருந்து பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அந்தக் கண்டத்தில் கால்வைத்த புல் அது. புழுதி அடங்கியது உண்மை. கால்நடை வளர்ப்போர் அதை இன்றும் போற்றுகிறார்கள். ஆனால் புல் ஆற்றுப் படுகைகளில் நிரம்பி, தீயை உயர்ந்த யூகலிப்டஸ் மரங்களின் உச்சி வரை ஏற்றியது. பூர்வகுடி மக்கள் உணவும் மருந்தும் தேடிய செடிகள் புல்லுக்கு அடியில் காணாமல் போயின. 2015-இல் தெற்கு ஆஸ்திரேலிய மாநிலம் பஃபல் புல்லைக் களை என்று அறிவித்தது. புழுதிப் பிரச்சினையின் தீர்வாக நுழைந்த புல்லே ஐம்பது ஆண்டுகளில் தலையாய சூழல் பிரச்சினையாகிவிட்டது. டூசான் இதிலிருந்து கற்க வேண்டியது ஏராளம்.

ஃபவுன்டன் புல்லின் கதை வேறு இடங்களிலும் இப்படித்தான். ஹவாயில் உலர்காடுகளின் எச்சங்களைத் தீக்கு இரையாக்கியது. கேனரி தீவுகளில் சாலையோரத்திலிருந்து மலைப் பள்ளங்கள் வரை ஏறியது. ஹவாயும் நெவாடாவும் அதைத் தீங்குக் களைப் பட்டியலில் வைத்திருக்கின்றன. 2017-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் ஆக்கிரமிப்பு இனப் பட்டியலில் அதைச் சேர்த்தது. அப்படிச் சேர்த்தால் விற்கவோ வளர்க்கவோ இறக்குமதி செய்யவோ கூடாது. அரிசோனா பஃபல் புல்லைத் தீங்குக் களை என்று 2005-இல் அறிவித்தது.

சட்டத்தில் ஒரு முடிச்சு இருக்கிறது. நர்சரிகளில் ஃபவுன்டன் புல் என்ற பெயரிலேயே ஊதாச் சிவப்பு இலை கொண்ட ஒரு வகை விற்கப்படுகிறது. அது பெரும்பாலும் விதை வைப்பதில்லை. அதைத் தனி இனமாகவே தாவரவியலர்கள் பிரித்துவிட்டார்கள். பச்சை வகையைத் தடை செய்து ஊதா வகையை விட்டுவிடலாம் என்பது வணிகர் தரப்பு. தாவரவியல்படி அதில் நியாயம் இருக்கிறது. நடைமுறையில் எனக்கு ஐயம் உண்டு. வாங்குபவர் பெயர்ப்பலகையில் ஃபவுன்டன் புல் என்ற ஒரே பெயரைத்தான் பார்க்கிறார். ஒரு தெருவில் ஊதாப் புல் அழகாகத் தெரிந்தால் அடுத்த வீட்டுக்காரர் ஓடைக்கரையில் தானாக முளைத்த பச்சைத் தூரையும் அழகென்றே விட்டுவைப்பார். மலட்டு வகையால் விதை பரவாது. அந்தப் புல்லின் மீதுள்ள ஆசை பரவும். உள்ளூர்ப் புற்கள் கையில் இருக்கும்போது இந்தச் சலுகைக்குத் தேவை என்ன என்று கேட்கத் தோன்றுகிறது.

ஒழிப்பு வேலை எப்படி நடக்கிறது? தென் அரிசோனாவில் அரசுத் துறைகள், பல்கலைக்கழகம், பூங்காக்கள், தன்னார்வலர்கள் எல்லாரையும் இணைக்க 2008-இல் ஒரு பஃபல் புல் ஒருங்கிணைப்பு மையம் அமைந்தது. 2000-இல் தொடங்கிய தன்னார்வலர் குழு ஒன்று டூசான் மலைப் பூங்காவில் இன்றும் கடப்பாரையோடு போய்த் தூர் தூராகப் பெயர்த்தெடுக்கிறது. பாறை இடுக்கில் வேரூன்றிய தூரைப் பெயர்க்கக் கடப்பாரைதான் ஏற்ற கருவி. ஆட்கள் எட்ட முடியாத சரிவுகளில் களைக்கொல்லி தெளிக்கிறார்கள். ஹெலிகாப்டரிலிருந்து தெளிப்பதையும் சகுவாரோ தேசியப் பூங்கா முயன்றிருக்கிறது. களைக்கொல்லியை எதிர்ப்பவர்கள் அங்கேயும் உண்டு. காட்டுப் பழமும் காயும் பறித்து உண்ணும் மக்கள் வாழும் நிலத்தில் அந்த எதிர்ப்பை அலட்சியப்படுத்தக் கூடாது. அதே நேரம், ஒரு மலைமுகம் முழுவதும் மூடிவிட்ட புல்லைக் கடப்பாரையால் மட்டும் எடுத்துவிட முடியும் என்று நம்பவும் முடியவில்லை.

களைக்கொல்லிக்கு இன்னொரு கட்டுப்பாடு இருக்கிறது. தாளில் பாதியாவது பச்சையாக இருந்தால்தான் மருந்து வேருக்கு இறங்கும். கோடை மழை நன்றாகப் பெய்த ஆண்டில் அந்தப் பச்சை சில வாரங்கள் நிற்கும். மழை பொய்த்த ஆண்டில் மருந்தடிக்க நாளே கிடைக்காது. நிதி ஒதுக்கீடோ காலண்டர்ப்படி நடக்கிறது. மழைக்கு முன் ஆளையும் பணத்தையும் தயாராக வைத்திருக்கும் துறைகளே இதில் வெல்கின்றன.

பஃபல் புல் மலையை நிரப்பிவிட்டது. அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் முடியும். ஃபவுன்டன் புல்லின் பெரும்பகுதி இன்னும் ஓடைகளிலும் சாலையோரங்களிலும், முகவரி தெரிந்த தோட்டங்களிலும் நிற்கிறது. ஆகவே வேலையின் வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் வாதம். முதலில் மாநிலம் முழுவதும் எந்த நர்சரியிலும் அது விற்கப்படாமல் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும். நகராட்சிகளும் குடியிருப்போர் சங்கங்களும் நடுத்திட்டுகளிலும் பொது இடங்களிலும் உள்ளதை அகற்ற வேண்டும். அடுத்து, ஓடையின் மேல்பகுதியில் இருக்கும் தோட்டங்களைக் கணக்கெடுத்து, எடுத்துவிட்டு உள்ளூர்ச் செடி நட விரும்பும் வீட்டுக்காரருக்குச் செடியை இலவசமாகத் தர வேண்டும். தண்ணீரைச் சேமிக்கப் புல்தரையை அகற்றுவோருக்குப் பணம் தரும் ஏற்பாடு லாஸ் வேகாஸில் 1999 முதல் நடப்பதால் இதற்கு முன்மாதிரி உண்டு. ஓடையின் கீழ்ப்பகுதியில் பிடுங்குவது அதற்குப் பிறகுதான். மேலே விதைச்செடி நிற்கும்வரை கீழே பிடுங்கிய இடத்துக்கு ஒவ்வொரு மழையிலும் புது விதை வந்துகொண்டே இருக்கும். பிடுங்கும்போது கதிரை முதலில் பைக்குள் பொதிந்துகொண்டுதான் தூரை அசைக்க வேண்டும். மேலே எல்லாம் எடுத்து முடித்த பிறகும் மண்ணிலுள்ள விதை தீர ஏழு ஆண்டுகள் ஆகும். அந்த ஏழு கோடை மழைகளுக்கும் அதே ஓடைக்குள் ஆட்கள் இறங்கி முளைகளைத் தேட வேண்டியிருக்கும். ஒரு பத்தாண்டுக்கான வேலைத்திட்டமாக இதை எழுதி, முழுக் காலத்துக்கும் நிதியை முதலிலேயே ஒதுக்கினால் ஃபவுன்டன் புல்லை டூசான் ஓடைகளிலிருந்து முற்றாக எடுத்துவிடக்கூடிய நிலை இன்னும் இருக்கிறது.